ஐராவதியில் ஓடிய தூரிகை

முட்டுக்காட்டு உப்பங்கழிக் கரையில், கடல்நீர் முகத்துவாரம் வழியே உள்ளேறும் வைகறை வேளையில், படத்தாளை மடியில் வைத்துத் தண்ணீருக்கு நிறம் தேடிய ஒரு மாணவியைக் கண்டேன்; அவள் சாம்பல் நிறம் பூசி முடிக்குமுன் நீர் பொன்னாகிவிட்டது. கரையில் அமர்ந்திருப்பவருக்கே இத்தனை சிரமமென்றால், ஓடும் கலத்திலிருந்து நதியை வரைந்தவரின் சாதனையை என்னென்பது!

இரண்டாம் பர்மிய யுத்தத்தில் பெகு நாட்டைக் கவர்ந்த ஆங்கிலேயர், 1855-ஆம் ஆண்டில், மிண்டோன் மன்னரோடு உடன்படிக்கை காணக் கருதி, ஆர்தர் ஃபேர் தலைமையில் ஐராவதி நதிவழியே அமரபுரத்துக்கு அனுப்பிய தூதுக்குழுவில், கல்கத்தா ஓவியர் கோல்ஸ்வொர்தி கிராண்டும் இருந்தார். உடன்படிக்கை கைகூடவில்லை, அவருடைய 106 நீர்வண்ணச் சித்திரங்களோ நிலைத்தன.

அதே குழுவில் சென்ற சென்னை ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், காகித நெகட்டிவில் நிழற்படம் எடுத்தார். அதற்கு நீண்ட நேரம் ஒளி வேண்டும், கருவி அசையலாகாது, ஆகையால் பகான் போன்ற தங்குமிடங்களின் அசையாக் கோபுரங்களே அவருக்கு உரியவையாயின. அசையும் நதியின் உயிர் கிராண்டின் தூரிகைக்கே வசப்பட்டது என்பது என் துணிபு. பின்னர் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராகித் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக இணைத்துத் தந்த அப்பெருங்கலைஞரும், மேகமற்று வெளிறிய வானத்துக்கு, நெகட்டிவின்மேல் கையாலேயே மேகங்களைத் தீட்டினார்.