மரத்துக்கு எண்ணெய்க் குளியல்

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பும் தாய் தந்தையர் சொல்லும் அதிசயங்களில் ஒன்று, அங்கே திண்ணை கொல்லைப்புறத்தில் இருக்கிறது என்பது! அதுவும் மரத் திண்ணை. பின்கட்டுக் கதவைத் திறந்தால் தோட்டத்துப் பக்கமாகப் பலகை பலகையாக நீண்டு கிடக்கும். மேலே கூரை கிடையாது. கோடைக் காலத்தில் நாற்காலி போட்டு உட்காருவதும், குழந்தைகள் ஓடி விளையாடுவதும் அங்கேதான். நம்மவர்கள் வீடாக இருந்தால் வடாம் காய்வதும் அங்கேதான். 'டெக்' என்று அதற்குப் பெயர்.

கூரையில்லாத இடத்தில் மரத்தைப் போட்டால் சூரிய பகவானும் வருண பகவானும் சும்மா விடுவார்களா? மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பது 'லிக்னின்' என்ற பொருள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. நேற்று வரை பொன்னிறமாக இருந்த பலகை சாம்பல் பூத்துப் போவதன் இரகசியம் இதுதான். அது மட்டுமா? தண்ணீரைக் குடித்துப் பலகை உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. உப்பி உப்பிச் சுருங்கி வெடிப்பு விடுகிறது. வெடிப்பில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் குடியேறி, மரம் உளுக்கத் தொடங்குகிறது.

"இவ்வளவுதானே? பெயிண்ட் அடித்துவிட்டால் போகிறது!" என்று நீங்கள் சொல்லலாம். சுவருக்குச் சரி; கதவுக்கும் சரி. காலால் மிதிபடும் திறந்தவெளிப் பலகைக்குச் சரிப்படாது. பெயிண்ட் மரத்தின்மேல் ஒரு தோல் போலப் படிகிறது. எங்காவது ஒரு கீறல் விழுந்தால் போதும். தண்ணீர் உள்ளே நுழைந்துகொண்டு, வெளியே வர வழியில்லாமல் அந்தத் தோலையே உரித்துத் தள்ளுகிறது. பிறகு அத்தனையையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஆகையால் டெக்குக்குப் பூசுவது 'ஸ்டெயின்' என்னும் சாயம். இது மேலே படிவதில்லை. தலைக்குத் தேய்த்த எண்ணெய் போல உள்ளே இறங்குகிறது. பழசானால் வெளுக்குமே தவிர, உரியாது. கழுவிவிட்டு மறுபடி பூசினால் ஆயிற்று. விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரில் அமெரிக்க அரசாங்கம் 1910-ல் தொடங்கிய வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலை ஒன்று இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் 1950-களில் இத்தகைய சாயத்துக்கு ஒரு பக்குவம் வகுத்தார்கள். ஆளிவிதை எண்ணெய், மெழுகு, பூஞ்சணக் கொல்லி, வண்ணப்பொடி இவைதான் அதில் முக்கியச் சரக்குகள். அந்தப் பூஞ்சணக் கொல்லி நஞ்சு என்று 1980-களில் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால், 'உள்ளே இறங்க வேண்டும். வண்ணமும் இருக்க வேண்டும்' என்ற தத்துவம் நிலைத்துவிட்டது.

கடையில் போய் நின்றால் மூன்று வகை டப்பாக்கள் கண்ணில் படும். ஒன்று, நிறமே இல்லாதது. மரத்தின் அழகெல்லாம் தெரியும். ஆனால் வெயிலைத் தடுக்கும் குடையே அந்த வண்ணப்பொடிதான். அது இல்லாவிட்டால் மரம் சீக்கிரமே வெளுத்துவிடும். இரண்டாவது, மரமே தெரியாமல் மூடுவது. ஏறக்குறைய பெயிண்டின் ஒன்றுவிட்ட சகோதரன். அதன் உரியும் குணமும் இதற்கு உண்டு. மூன்றாவது, பாதி தெரியும் பாதி மறையும் நடுத்தர வகை. மரத்தின் ரேகையும் தெரியும். வெயிலுக்குக் காப்பும் கிடைக்கும். பெரும்பாலான டெக்குகளுக்கு இதுவே உத்தமம். மிகவும் கருத்த நிறம் வேண்டாம், வெயிலில் கொதிக்கும். வெறுங்காலோடு நடக்கும் நம்மவர்களுக்கு அது தெரியும்!

வாங்குவதற்கு முன் டெக்கின் வயதையும் விசாரிக்க வேண்டும். இதில் நம் நாட்டுச் சம்பந்தம் ஒன்று உண்டு. செம்பு, குரோமியம், ஆர்ஸெனிக் மூன்றின் உப்புக்களையும் மரத்துக்குள் ஏற்றினால் கரையானும் பூஞ்சணமும் அண்டாது என்று 1933-ல் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசன் என்ற இந்திய விஞ்ஞானி. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அவருடைய முறை உலகமெங்கும் பரவியது. அமெரிக்க டெக்குகளில் பெரும்பகுதி அந்த மரத்தினால்தான் எழுந்தன. ஆனால் ஆர்ஸெனிக் பாஷாணமல்லவா? அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது என்ற கவலை எழுந்து, 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு இந்த மரத்தைத் தயாரிப்பதை அங்கே நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்திய டெக்காக இருந்தால் உப்புக் காகிதத்தால் தேய்க்கக் கூடாது. உடைந்த துண்டுகளை எரிக்கக் கூடாது. பலகைமேல் நேராக வடாம் பிழியவும் கூடாது. ஓராண்டு, இரண்டாண்டுக்கு ஒரு முறை உள்ளிறங்கும் சாயம் பூசி வந்தால் கசிவு குறையும். அங்கே சாயம் அழகுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்குக் காப்பும் ஆகிறது.

இனி, பூசும் பக்குவம். முதலில் பலகையின்மேல் நாலு துளி தண்ணீர் தெளியுங்கள். உள்ளே சுவறினால் மரம் தயார். முத்து முத்தாக நின்றால் பலகையில் ஈரமோ பழைய பூச்சோ இருக்கிறது, பொறுக்க வேண்டியதுதான். அழுக்கைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை தெரிகிறதா? கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகுமே, அதே வித்தைதான். மரத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்த கறை அது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த நீரால் கழுவினால் போகும். கைக்கு உறை அவசியம்.

சுள்ளென்ற வெயிலில் பூசக் கூடாது. உள்ளே இறங்குமுன் மேலேயே காய்ந்துவிடும். இரண்டு மூன்று பலகைகளை எடுத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடுவில் நிறுத்தாமல் பூச வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். பலகையின் வெட்டு முனைகளுக்குத் தாகம் அதிகம். அங்கே தாராளமாகக் கொடுங்கள். கால் மணி கழித்து, மரம் குடிக்காமல் மிச்சம் வைத்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கையில் ஒரு துணி இருக்கிறதே, அதுதான் எமன். ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல; காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக் கெட்டியாகிறது. அப்போது சூடு பிறக்கிறது. பலகையில் அந்தச் சூடு பரவிப் போய்விடும். சுருட்டி எறிந்த துணியிலோ போக்கிடமில்லை. ஈர வைக்கோற்போர் உள்ளுக்குள்ளேயே வெந்து புகைவதைக் கிராமத்தார் பார்த்திருப்பார்கள். அந்தக் கதைதான், நெருப்புக் குச்சியே வேண்டாம்.

1991 பிப்ரவரி 23-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு. பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்றின் 22-வது மாடியில், மரவேலைக்குப் பயன்படுத்திய இத்தகைய எண்ணெய்த் துணிகள் தாமாகவே பற்றிக்கொண்டன. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்த தீ, தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் இருந்த 30-வது மாடிக்கு வந்துதான் அடங்கியது. தீயணைக்கப் போன வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடத்தையே 1999-ல் இடித்துவிட்டார்கள்.

ஆகவே, துணியைச் சுருட்டாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். வெளியே தரையில் தனித்தனியாக விரித்து, விறைத்துப் போகும் வரை காயவிடுங்கள். அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முக்கி வையுங்கள். கடல் கடந்த டெக்குக்கு மட்டும் சொல்லும் வார்த்தை அல்ல இது. நம் ஊரில் தேக்குக் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூச வரும் தச்சர், சாயங்காலம் துணியை எங்கே போட்டுவிட்டுப் போகிறார் என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.