தைப்பூசப் பயணமும் வீட்டிலிருக்கும் வாயில்லா ஜீவன்களும்

தைப்பூசத் திருநாள் நெருங்க நெருங்க நம் இல்லங்களில் ஏற்பாடுகள் மும்முரமடைகின்றன. பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, சுங்கைப்பட்டாணி எனக் குடும்பத்தோடு புறப்படும் அன்பர்கள் பேருந்துச் சீட்டு, தங்குமிடம், பால்குடம், பூசைப் பொருள்கள் ஆகியவற்றைப் பல வாரங்களுக்கு முன்னரே கவனித்து விடுகின்றனர். ஆயினும் வாசலில் காவல் காக்கும் நாய்க்கும், அடுப்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கும் அந்த மூன்று நான்கு நாள்களில் யார் சோறு வைப்பது என்ற கேள்வி, புறப்படுவதற்கு முதல் நாள் இரவில்தான் எழுகின்றது.

மற்ற வேளைகளில் இது பெரிய சிக்கலன்று. திருமணத்திற்கோ கருமாதிக்கோ வெளியூர் செல்லும்போது அடுத்த தெருவிலிருக்கும் அத்தையோ சித்தப்பாவோ வந்து பார்த்துக் கொள்வார். தைப்பூசத்திலோ அவர்களும் நம்மோடு அதே பேருந்தில் அமர்ந்திருப்பர்! கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் மீண்டும் ஆலயம் திரும்பும் வரை உடனிருக்க விரும்பும் வெளியூர் அன்பர்கள் குறைந்தது மூன்று நாள்கள் வீட்டை விட்டுப் பிரிந்திருக்க நேரும். ஆகவே, ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்தி, அவரிடம் முறையாகப் பொறுப்பை ஒப்படைத்துச் செல்வதே நலம். அதனை எவ்வாறு செய்வது என்பதை ஈண்டுக் காண்போம்.

கொட்டி வைத்துச் செல்வது போதுமா?

ஒரு சட்டி நிறையச் சோற்றையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துவிட்டுச் செல்லும் பழக்கம் இன்னமும் நம்மிடையே உண்டு. நம் நாட்டு வெப்பத்தில் சமைத்த உணவு சில மணி நேரத்திலேயே கெட்டு விடும், எறும்பு மொய்க்கும். வாளியை நாய் ஒருமுறை தட்டிவிட்டால் அதன் பின்னர் ஒரு சொட்டுத் தண்ணீரும் இராது. சங்கிலியில் கட்டப்பட்ட நாயாயின், காலையில் நிழலாக இருந்த இடம் நண்பகலில் வெயிலாக மாறும்போது அதனால் விலகிச் செல்லவும் இயலாது.

பூனை தன்னைத் தானே கவனித்துக் கொள்ளும் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. பூனை இரண்டு மூன்று நாள்கள் உண்ணாமலிருந்தால், அதிலும் உடல் பருத்த பூனையாயின், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக் கொண்டால் ஓரிரு நாள்களில் அது மாண்டு போகும். இவற்றை நேரில் பார்த்து உணர ஒரு மனிதர் வேண்டும். உணவுச் சட்டியால் அஃது இயலாது.

சட்டமும் இதனை வெறும் கருணைக்கு விட்டுவிடவில்லை. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணியின் தேவைகளைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை என வகுத்துள்ளது. 2017ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த அச்சட்டத்தின்படி, பிராணிகளைக் கொடுமைப்படுத்தும் குற்றத்திற்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

யாரை அமர்த்துவது?

முதலில், விடுதியா வீடா என்பதை முடிவு செய்தல் வேண்டும். மனிதரோடு பழகி, புதிய இடத்திற்கு அஞ்சாத நாயைப் பிராணிகள் தங்கும் விடுதியில் விடலாம். தடுப்பூசிச் சான்றினைக் கேட்கும் விடுதியே நம்பத்தக்கது. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்து வருவதால் அக்காலத்தில் விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. முன்னதாகவே பதிவு செய்து கொள்ள வேண்டும். பூனையோ மனிதரைக் காட்டிலும் இடத்தோடு ஒட்டி வாழும் இயல்புடையது. வயது முதிர்ந்த நாயும் அவ்வாறே. இவற்றிற்கு வீட்டிலேயே வந்து பார்த்துக் கொள்ளும் ஆள்தான் ஏற்றவர். பூனைக்கு நாளொன்றுக்கு ஒரு தடவையேனும், கூடுமாயின் இரு தடவையும் வர வேண்டும். நாய்க்கு இரண்டு மூன்று தடவைகள் தேவை. இரவில் ஆள் தங்கினால் இன்னும் நன்று.

இப்பணியைத் தொழிலாகவே செய்பவர்கள் இன்று பட்டணங்களில் உள்ளனர். உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் நம்பகமானவரைக் காட்டுவார். சிற்றூர்களிலும் தோட்டப்புறங்களிலும் பிராணிகளிடம் பிரியமுள்ள ஓய்வு பெற்ற ஒருவரோ, கல்லூரி விடுமுறையில் இருக்கும் இளைஞரோ கிடைக்கக் கூடும். அவர் இதற்கு முன்னர் யார் வீட்டில் பார்த்துக் கொண்டார் என்று கேட்டறிந்து, அவ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை விசாரித்துக் கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரிடம் கேட்பதிலும் நிதானம் வேண்டும். மலாய் நண்பர்கள் பலர் பூனைகளிடம் மிகுந்த அன்பு கொண்டவர்கள்; கேட்டால் மனமுவந்து பார்த்துக் கொள்வர். நாயைத் தொடுவது பற்றி அவர்தம் சமயத்தில் தனி விதிமுறைகள் உள்ளன. மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்துவது நல்ல அண்டை வீட்டாருக்கு அழகன்று.

கூலி பேசுவதில் தயக்கம் வேண்டா

தெரிந்தவருக்குப் பணம் கொடுத்தால் தவறாக எண்ணுவாரோ என்று நம்மவர் கூசுவதுண்டு. உண்மையில், கூலி பேசாத ஏற்பாட்டில்தான் மனத்தாங்கல் மிகுதி. உதவியாக வந்தவர் ஒரு வேளை வரத் தவறினால் நாம் ஏனென்று கேட்க இயலாது. அவரும் தம் சிரமத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இடையில் வாடுவது அந்த வாயில்லா ஜீவன்தான். ஊதியம் எவ்வளவு, எத்தனை நாள், நாளைக்கு எத்தனை தடவை, குப்பையையும் கழிவையும் அகற்றுவது யார் என்பனவற்றை முன்னரே பேசி முடித்து, ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து விடுவதே இருவருக்கும் நல்லது. திரும்பும்போது பிரசாதத்தோடு மீதிப் பணத்தையும் கொடுங்கள். பிரசாதம் மட்டும் ஊதியமாகிவிடாது.

மருத்துவச் செலவிற்கென ஒரு தொகையைத் தனி உறையில் வைத்துச் செல்வது மிக அவசியம். வெளியூரில் கூட்ட நெரிசலில் உங்கள் கைப்பேசி ஒலிப்பது கேட்காமற் போகலாம். அவ்வேளையில், “நான் வரும் வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்லலாம்; இவ்வளவு தொகை வரை செலவிடலாம்” என்று நீங்கள் எழுதிக் கையொப்பமிட்ட தாளொன்று, தயங்கி நிற்கும் ஒருவரைச் செயற்பட வைக்கும்.

எழுதி வைக்க வேண்டியவை

வீட்டாருக்குப் பழகிப் போன பல செய்திகள் புதியவருக்குத் தெரியா. எனவே பின்வருவனவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்:

உணவு எது, எந்தக் கோப்பையால் எத்தனை கோப்பை, எந்த நேரம். மருந்து இருப்பின் அதன் அளவும் கொடுக்கும் முறையும். பிராணி அஞ்சி ஒளியும் இடம். அதற்குப் பிடிக்காத செயல். கால்நடை மருத்துவரின் முகவரி, தொலைபேசி எண். திருநாள் விடுமுறையில் அவரது மருந்தகம் மூடப்பட்டிருந்தால் செல்ல வேண்டிய வேறோர் இடம். உங்களோடு பயணம் செய்யாத உறவினர் ஒருவரின் எண். போக்குவரத்து நெரிசலில் திரும்பத் தாமதமாகலாம் என்பதால் உணவை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். மீன் தொட்டி வைத்திருப்போர், ஒவ்வொரு வேளைக்குமான உணவைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்தல் நன்று. பாவம் பசிக்குமே என்று புதியவர் அள்ளிப் போட்டால் நீர் கெட்டு மீன்கள் இறந்து போகும்.

தடுப்பூசியையும் சரிபார்த்துக் கொள்ளுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறத்தலாகாது. பிராணி கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் பார்த்துக் கொள்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

விரத வீட்டில் பிராணியின் உணவு

விரதம் தொடங்கியவுடன் பல வீடுகளில் மீனும் இறைச்சியும் நின்று விடுகின்றன. அஃது உங்கள் விரதம், பூனையின் விரதமன்று. பூனையின் உடலுக்கு இறைச்சியிலுள்ள டாரின் என்னும் சத்து இன்றியமையாதது. நெடுநாள் அஃது இல்லாவிடில் கண்பார்வையும் இதயமும் பாதிக்கப்படும். வீட்டில் அசைவம் சமைக்க விரும்பாதோர், கடையில் விற்கும் உலர் தீனியை வெளியே ஒரு மூடிய டப்பாவில் வைத்துக் கொடுக்கலாம். நாயின் உணவைத் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு ஏற்படும். ஆதலின் புதிய தீனியைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழக்குங்கள்.

பார்த்துக் கொள்பவர் அன்பு மிகுதியால் பிரசாதம் ஊட்டிவிடக் கூடும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் சேரும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் நாய் பூனை இரண்டிற்குமே தீங்கானவை. கற்பூரத்தை விழுங்கினால் நஞ்சு; பூசையறைக் கதவைச் சாத்தியே வைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலென்று எண்ணி மனிதருக்குரிய பாராசிட்டமோல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தால் அஃது உயிரையே பறித்து விடும்.

பட்டாசும் திறந்த கதவும்

தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் அவ்வாறே. 2025ஆம் ஆண்டில் தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் நாளும் சாப் கோ மே அதற்கு மறுநாளும் வந்தன. இத்தகைய ஆண்டுகளில், நாம் இல்லாத இரவில்தான் அக்கம்பக்கத்தில் பட்டாசு வெடிக்கும். அரண்ட நாய் சுவரைத் தாண்டும். கதவு சற்றே திறந்திருந்தாலும் ஓடிவிடும். இரவில் அதனை வீட்டிற்குள் அடைத்து, விசிறியைச் சுழலவிட்டு, வானொலியை மெல்ல ஒலிக்கச் செய்தால் அச்சம் ஓரளவு தணியும். உள்ளே நுழைந்து வெளிவாசற் கதவைச் சாத்திய பின்னரே வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்பதை அழுத்திக் கூறுங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும்.

ஒத்திகை இன்றியமையாதது

அமர்த்தியவரைப் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் ஒருமுறையேனும் வீட்டிற்கு அழையுங்கள். நீங்கள் உடனிருக்க, அவரே உணவு வைக்கட்டும். நாயை நடத்திச் செல்லட்டும். பூனையின் மணல் தட்டைச் சுத்தம் செய்யட்டும். இரண்டாம் முறை நீங்கள் வெளியே சென்று விட்டு, அவர் தனியே வந்து போகட்டும். நாய் அவரை உள்ளே விடவில்லையெனில், வேறு ஆளைத் தேட அப்போது கால அவகாசம் இருக்கும். சாவியையும் அவர் கையாலேயே திறந்து பார்க்கச் செய்யுங்கள். பயணத்தின்போது நாள்தோறும் ஒரு புகைப்படம் அனுப்பச் சொல்வது, அவரைச் சந்தேகிப்பதாகாது. உங்கள் மன அமைதிக்கே அது.

வடலூரில் தைப்பூசத்தன்று ஜோதி தரிசனம் காண மக்கள் திரள்கின்றனர். அங்கு நெறி வகுத்த வள்ளலார் இராமலிங்க அடிகள் தலையாய ஒழுக்கமாகப் போதித்தது ஜீவகாருண்யம். நேர்த்திக்கடனைச் செலுத்தச் செல்லும் நாம், நம்மையே நம்பியிருக்கும் ஓர் உயிரைப் பசியோடு பூட்டி வைத்துச் செல்லலாகாது. விரதம் தொடங்கும் நாளன்றே அதற்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்து முடிப்போம். வீட்டுக் கவலையின்றி மலையேறி, கந்தனை மனமொன்றித் தரிசித்துத் திரும்பும்போது, வாசலில் வாலாட்டி வரவேற்க நம் செல்லப் பிராணி நலமாகக் காத்திருக்கட்டும்.