முதலில் மூச்சு... புத்திமதி அப்புறம்!

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் என் வைத்தியசாலைக்கு ஒருவர் வந்தார். மஞ்சள் பூத்த கண், வீங்கிய கால். சாராய வாடை குப்பென்று அடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் மருந்து தர்றேன்" என்று திருப்பி அனுப்பினேன். நல்லதுதான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாசம் கழித்து அவருடைய மனைவி மட்டும் வந்தார். "விட்டுட்டுத்தான் ஐயா முகத்துல முழிக்கணும்னு சொல்லிட்டே இருந்தாருங்க. முடியல. போய்ச் சேர்ந்துட்டாரு" என்றார்.

கனடாவில் நர்ஸாக இருக்கும் என் அக்கா மகள் லீவில் வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். "எங்க ஊர்ல பூர்வகுடி ஜனங்க மத்தியில தீங்கு குறைப்புக் கல்வியாளர்னு இருக்காங்க மாமா. 'விட்டுட்டு வா'ன்னு யாரையும் சொல்ல மாட்டாங்க. 'எப்படி இருக்கியோ அப்படியே வா'ன்னுதான் சொல்வாங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதென்ன தீங்கு குறைப்பு?

'பைக் வேண்டாம்ப்பா' என்று பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கிறோம். கேட்கவில்லை. 'ஹெல்மெட்டாவது போட்டுக்கோ' என்கிறோம் இல்லையா? அதுதான் தீங்கு குறைப்பு. போதையை விட முடியாதவரை அந்தப் போதை கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. சுத்தமான ஊசி கொடுப்பார்கள். தனியாக இருக்கும்போது உபயோகிக்காதே என்பார்கள். உயிர் காக்கும் மருந்தைக் கையில் கொடுத்து, பழக்கியும் விடுவார்கள். ஆள் உயிரோடு இருந்தால்தானே நாளைக்குத் திருந்த முடியும்?

புண் எங்கே இருக்கிறது?

கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியா. போதைச் சாவுகள் பெருகியதால், 2016 ஏப்ரலில் அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்' எனப்படும் பூர்வகுடிகள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2023-ல் அவர்களுடைய சாவு விகிதம் மற்றவர்களுடையதைப் போல சுமார் 6 மடங்கு.

'அவங்க அப்படித்தான்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நோய்க்கு மூலம் பார்க்காதவன் வைத்தியன் இல்லை. 19-ம் நூற்றாண்டிலிருந்து 1990-களின் பிற்பகுதி வரை, சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பல குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து வலுக்கட்டாயமாகவே பிரித்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. அவர்களுடைய 'பாட்லாட்ச்' என்ற விருந்துச் சடங்கைக்கூட 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தாய் மடி தெரியாமல் வளர்ந்த பிள்ளை, தன் பிள்ளையை எப்படி மடியில் வைத்துக்கொள்ளும்? அந்த வலி தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது.

போதாததற்கு ஆஸ்பத்திரியிலும் அவமானம். அந்த மாகாணத்தில் 2020-ல் வெளியான விசாரணை அறிக்கை, மருத்துவத்துறையில் பூர்வகுடிகள் மீது இனவெறி பரவலாக இருப்பதாகவே சொன்னது. குடிக்காமல் வந்தவரைக்கூடக் குடிகாரர் என்று நினைத்துவிடுவார்களாம். படித்தபோது என் வாசலில் வந்து நின்றவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

கசகசாச் செடியும் ஃபென்டனிலும்

நம்ம வீட்டுக் குருமாவில் அரைத்துப் போடுகிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். எங்கள் பழைய மருந்து நூல்களிலும் அபின் உண்டு. அளவு தப்பினால் விஷம். அபினிலிருந்து எடுப்பது மார்ஃபின். ஃபென்டனிலோ ரசாயனக் கூடத்தில் செய்வது. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். கள்ளச் சந்தைப் பொடியில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

இந்த வகை போதை, மூளையில் மூச்சை நடத்தும் இடத்தை மந்தமாக்குகிறது. தட்டினாலும் எழமாட்டார். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்புறம் மூச்சே நின்றுவிடும்.

கல்வியாளர் கற்றுத் தருவது இதுதான். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. தலையைச் சாய்த்து மூச்சுப் பாதையைத் திற. 5 விநாடிக்கு ஒரு மூச்சு ஊது. 'நாலாக்சோன்' மருந்தை ஊசியாகவோ மூக்கு ஸ்பிரேயாகவோ கொடு. பஸ்ஸில் சீட் பிடித்திருப்பவரை எழுப்பிவிட்டுத் தான் உட்காருகிற ஆள் மாதிரி, நாலாக்சோன் மூளையில் இருக்கும் போதையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். ஆனால் 20 முதல் 90 நிமிஷத்தில் மருந்தின் வேகம் போய்விடும், போதை மிச்சம் இருக்கலாம். அதனால் ஆள் எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரி அவசியம். சாராயத்துக்கோ தூக்க மாத்திரைக்கோ இது முறிவு இல்லை.

போலீஸுக்குப் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் விட்டுவிடக்கூடாது என்று, 2017-ல் கனடாவில் ஒரு சட்டமே வந்தது. உதவிக்குக் கூப்பிட்டவர் மீது, சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போட மாட்டார்கள்.

பெரியவர்களைக் கேட்டு...

அந்த மாகாணத்தில் பூர்வகுடிகளின் சுகாதாரத்தை, 2013 முதல் அவர்களுடைய சொந்த அமைப்பான 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஹெல்த் அத்தாரிட்டி' கவனிக்கிறது. அங்கே தரும் ஒரு பயிற்சிக்குப் பெயரே 'நாலாக்சோன் மட்டும் அல்ல' என்பதுதான். தீங்கு குறைப்பை அவர்கள் நான்கு பிராணிகளை வைத்து விளக்குகிறார்கள். ஓநாய் என்றால் உறவும் அக்கறையும். கழுகு அறிவு. கரடி பலமும் பாதுகாப்பும். அண்டங்காக்கை அடையாளமும் மாற்றமும். அட்டவணையும் படமும் காட்டிப் புரியவைக்க முடியாததை இது புரியவைத்துவிடுகிறது.

கல்வியாளர் ஊருக்குள் போனதும் லெக்சர் அடிப்பதில்லை. பெரியவர்களிடம் அனுமதி கேட்கிறார். வட்டமாக உட்கார்ந்து முதலில் காது கொடுக்கிறார். சில ஊர்களில் மதுவுக்கே தடை. "பழக்கத்தை அடியோடு விடுவதுதான் எங்கள் வழி" என்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை பிடிப்பதில்லை. "அந்த வழியில் நடக்க உங்கள் பேரன் உயிரோடு இருக்கணுமே தாத்தா" என்பதுதான் அங்கே எடுபடும் பேச்சு என்கிறாள் என் அக்கா மகள்.

ஊக்கம் கொடுப்பதாகாதா?

நீங்கள் கேட்பது நியாயம். நானும் கேட்டேன். தீயணைப்பு வண்டி இருக்கிறதே என்று யாரும் வீட்டைக் கொளுத்துவதில்லை. வான்கூவரில் 2003-ல் 'இன்சைட்' என்ற இடத்தைத் திறந்தார்கள். நர்ஸின் கண்காணிப்பில் போதை ஊசி போட்டுக்கொள்ளும் இடம் அது. அங்கே வந்தவர்களில் பலர் சிகிச்சைக்கும் சம்மதித்தார்கள். காரணம், திட்டாமல் பேச அங்கே ஓர் ஆள் இருந்தார்.

நம்ம வீட்டிலும் அல்லது சொந்தத்திலும் ஒருவர் குடிக்கலாம். அவருக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்தணும். இன்னொன்று, 'விட்டுட்டுத்தான் வரணும்' என்று எந்த வாசலிலும் நிற்க வேண்டாம்.

இப்போதெல்லாம் வாடையோடு வருகிறவருக்கும் என் வைத்தியசாலையில் நாற்காலி உண்டு. முதலில் நாடி பார்க்கிறேன். புத்திமதியை அவரே கேட்டால் சொல்கிறேன்.