பயம் பிள்ளைக்கு, பயிற்சி பெற்றோருக்கும்

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, ஞாயிறு இரவில் தூக்கமின்மை, வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நடுக்கம். பல பிள்ளைகளிடம் பதற்றக் கோளாறு இப்படித்தான் வெளியே தெரிகிறது. வயிற்றில் கோளாறு ஏதுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், ‘நடிக்கிறான்’ என்று வீடு முடிவுகட்டிவிடுகிறது. அல்லது பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுகிறது. வலி நடிப்பல்ல, பதற்றம் குடலையும் பாதிப்பதால் அது நிஜமாகவே வலிக்கிறது. இதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் கவுன்சலரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருந்தால் போதும் என்று பெற்றோர் நினைப்பதால், அந்தப் பலன் பல வீடுகளில் முழுமையாகக் கிடைப்பதில்லை.

பதற்றத்துக்குத் தீனி போடுவது தவிர்ப்பு. பயந்த இடத்திலிருந்து விலகியதும் மனம் லேசாகிறது. விலகியதால்தான் தப்பித்தோம் என்று அது பாடம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. சி.பி.டி. எனப்படும் பேச்சுச் சிகிச்சை, பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்து இந்தப் பாடத்தை மாற்றுகிறது. வகுப்பில் பேச அஞ்சுகிறவள் முதலில் தோழியிடம் வாசித்துக் காட்டுவாள், பிறகு ஆசிரியரிடம் தனியாக, பிறகு நான்கு பேர் முன்னால். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் இந்தச் சிகிச்சையால் சுமார் 60 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள். செர்ட்ராலின் மாத்திரையால் 55, இரண்டும் சேர்ந்தபோது 81, போலி மாத்திரையால் 24 விழுக்காட்டினர். மாத்திரை என்றாலே அஞ்சுகிறவர்களும் மாத்திரை மட்டுமே கேட்கிறவர்களும் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையறையில் பிள்ளை இருப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம், பிள்ளை அழக்கூடாதே என்று அம்மா லீவ் லெட்டர் எழுதுகிறார். கடைக்காரரிடம் பிள்ளைக்குப் பதிலாக அப்பா பேசுகிறார். தவிர்ப்பில் குடும்பமே பங்கெடுத்துவிடுகிறது. (பாட்டியோடு படுத்துக்கொள்வதெல்லாம் தவிர்ப்பாகிவிடாது, அது நம் வீடுகளில் இயல்புதான். பாட்டி ஊருக்குப் போன இரவில் பிள்ளை விடிய விடியத் தூங்காமல் தவிக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.) யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 124 பிள்ளைகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு சி.பி.டி.; மறு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. 2020-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சையாளரிடம் அமராத பிள்ளைகளும் மற்றவர்களுக்குச் சளைக்காமல் தேறினார்கள். பெற்றோர் கற்றவை இரண்டு. பயத்துக்கு இணங்கிச் செய்யும் உதவிகளை ஒவ்வொன்றாகக் குறைப்பது. ‘உனக்குப் பயமாக இருப்பது புரிகிறது, அதை உன்னால் தாங்கவும் முடியும்’ என்று மனதாரச் சொல்வது.

அப்படியானால் பழி பெற்றோருக்கா? இல்லை. அவர்கள் மாறினால் பிள்ளை தேறுகிறது என்பதற்குத்தான் இது சான்று; அவர்களால் நோய் வந்தது என்பதற்கல்ல. பிறவிச் சுபாவத்துக்கும் மரபுக்கும் பதற்றத்தில் பெரும் பங்குண்டு. அழும் பிள்ளைக்கு உதவாமலிருப்பது கொடுமையல்லவா என்பதும் நியாயமான கேள்வியே. எதைக் குறைக்கப்போகிறோம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, திட்டாமல், மிரட்டாமல், கூடவே இருந்து செய்வதுதான் முறை. பள்ளியில் அடியோ கேலியோ பாலியல் தொல்லையோ இருந்தால் கதை வேறு. அங்கே பிள்ளையின் பயம் உண்மையைச் சொல்கிறது. சரிசெய்ய வேண்டியது பள்ளியை. 15 வயதுப் பிள்ளைக்கோ பெற்றோர் காதில் விழாமல் பேச ஓர் இடம் வேண்டும். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை ஆலோசகர் அந்த ரகசியத்தைக் காப்பதை வீடு மதிக்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தப் படிப்படியான பொறுமை பொருந்தாது. அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரை தனியே விடக்கூடாது. டெலி மானஸ் உதவி எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.