உறங்கும் புல்லட்டை எழுப்புமுன்

தைப்பிங்கின் மழை நாடறிந்தது. அம்மழையின் ஈரம் பழைய மோட்டார் சைக்கிள்களை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. பல்லாண்டுகள் கொட்டகையில் சாத்தி வைத்த வண்டியை வெளியே உருட்டி, ஆவல் மிகுதியால் உடனே உதைத்துப் பார்ப்போர் பலர். அந்த ஓர் உதையால் விளையும் கேடு பெரிது.

சான்றாகப் புல்லட்டையே கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனம் 1932-இல் சூட்டிய பெயர் அது. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா தோன்றிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் 1970-இல் மறைந்த பின்னும், பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் பெரிதும் மாறாமல் 2000-களின் இறுதிவரை சென்னையில் உருவாகி வந்தது. ஆகவேதான் உதிரி உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன.

சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நெடுநாள் நின்றால் சிலிண்டர்ச் சுவரில் துரு பூக்கும்; பிஸ்டன் வளையங்கள் அதனோடு பற்றிக்கொள்ளும். அந்நிலையில் உதைத்தால் வளையம் ஒடிந்து சுவரைக் கீறும். பிறகு துளையைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டியதுதான். கடையும்தோறும் சுவர் மெலிகிறது. எத்தனை முறை கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு. எனவே முதலில் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் சிறிது எண்ணெய் வார்த்துச் சில நாள் விட்டுவைக்க வேண்டும். பின்னர் மேல் கியரில் போட்டு, பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பிஸ்டன் இளகிக் கொடுக்கும். கொடாவிடில் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை.

இனி எண்ணெயைப் பார்ப்போம். புல்லட்டின் எண்ணெய் அறை கிராங்க் பெட்டியோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. ஒரு பம்பு எண்ணெயை அனுப்பும். மற்றொன்று அதைத் திருப்பிக் கொணரும். வண்டி நிற்கும்போது எண்ணெய் சிறிது சிறிதாகக் கிராங்க் அறைக்குள் கசிந்து தேங்கும். அதனை வடிக்காமல் ஓட்டினால் நீலப்புகை கிளம்பும். "ரிங் போயிற்று" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். யானும் ஒருகால் அப்புகைக்கு மருண்டு, பழுதில்லாத சிலிண்டரைப் பிரித்து வைத்தவனே!

இணைப்புத் தண்டின் பெரிய முனையில் பழைய புல்லட்டுக்கு உருளைத் தாங்கி இல்லை. மிதக்கும் புஷ் ஒன்றே உண்டு. எண்ணெய்ப் படலம்தான் அதன் உயிர். அழுக்கெண்ணெயோடு ஓட்டினால் புஷ் தேய்ந்து இயந்திரம் தட்டத் தொடங்கும். அதனை மாற்றுவதற்குக் கிராங்கையே பிரித்து, மீண்டும் கோணலின்றிச் சேர்க்க வேண்டும். வீட்டு முற்றத்தில் ஆகிற வேலையன்று அது; செலவும் மிகுதி. எண்ணெய் மாற்றும் செலவோ அற்பம்.

கடைசியாக வால்வு இடைவெளி. வகுப்பில் 'தள்ளுதண்டு' என்று நாம் சொல்வதைப் பட்டறையில் 'புஷ்ராடு' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இயந்திரம் குளிர்ந்திருக்க, அழுத்த வீச்சில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, அத்தண்டு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது. இறுக்கமாக வைத்தால் வால்வு மூடாது கருகும். தளர்த்தி வைத்தால் ஓசை கேட்கும், அவ்வளவே. ஐயம் வந்தால் ஓசையின் பக்கமே சாய்க.