ஆத்தூரிலிருந்து அரங்கம் வரை... நடன ஆசிரியைகளுக்குக் கைகொடுக்கும் 'தெரிஞ்சவங்க' நோட்டு!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆத்தூர். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'ஆத்தூர் வெத்தலை' என்றாலே வாங்குகிறவருக்குத் தரம் புரிந்துவிடும். கொடிக்காலில் கிள்ளுகிறவர், கட்டுக் கட்டுகிறவர், லாரி ஏற்றுகிறவர், வெளியூர் வியாபாரி என்று அதற்குப் பின்னால் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது.

அதே ஊரில், வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். முறையாகப் படித்திருக்கிறார், நன்றாக ஆடுகிறார். ஆனால், அவர் பெயரை வெளியூருக்குக் கொண்டுபோக அப்படியொரு சங்கிலி இல்லை. ஊரில் சபா இல்லை. மாதச் சம்பளம் தரும் நிறுவனமும் இல்லை. கல்யாணம், குழந்தை என்று இரண்டு வருடம் இடைவெளி விழுந்தால் போதும், சலங்கை பீரோவுக்குள் போய்விடும். அப்படிச் சலங்கையைப் பூட்டிவைத்த அக்காவோ அத்தையோ நம்மில் பலர் வீட்டிலும் உண்டு.

அவர்களுக்குத் திறமை குறைவில்லை. தெரிந்தவர்கள்தான் குறைவு. 'தெரிஞ்சவங்க இருந்தாத்தான் வாய்ப்பு' என்று அலுத்துக்கொள்வதைவிட, அந்தத் 'தெரிஞ்சவங்க' பட்டியலை நாமே உருவாக்க முடியுமா? முடியும் என்கிறது பரதத்தின் வரலாறு.

அதே ஆற்றங்கரையில் ஒரு வக்கீல்

ஆத்தூரைத் தொட்டு ஓடும் தாமிரபரணியில் மேற்கே எதிர்த்துப் போனால் கல்லிடைக்குறிச்சி வரும். 1897-ல் அங்கே பிறந்தவர் இ.கிருஷ்ண ஐயர். சென்னையில் வக்கீல், சுதந்திரப் போராட்டக்காரர். பெண் வேடமிட்டுத் தானே சதிர் ஆடியவரும்கூட. அந்த ஆட்டத்தைப் பொதுமேடையில் பார்ப்பதே தவறு என்று பேசப்பட்ட காலம் அது.

கிருஷ்ண ஐயர் அதற்கு ஆதரவாகப் பத்திரிகைகளில் வாதாடினார். 1931-ல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் சகோதரிகளை சென்னை மியூசிக் அகாடமி மேடையில் ஆடவைத்தார். அந்த முதல் நிகழ்ச்சி பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1933-ல் அதே சகோதரிகள் மறுபடியும் ஆடினார்கள். அன்று பார்வையாளர்களில் ருக்மிணி தேவி இருந்தார். பிறகு அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றதும், 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கியதும் நாம் அறிந்த கதை.

கிருஷ்ண ஐயர் செய்தது என்ன? ஆடுகிறவர், மேடை, பார்க்கவேண்டியவர் ஆகிய மூவரையும் ஒரே இடத்தில் சேர்த்தார். முதல் தடவை பலிக்காதபோது இரண்டாவது தடவையும் சேர்த்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேடை விரிந்தது. ஆனால், பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்களின் பெண்கள் பலர் அந்த மேடையிலிருந்து மெல்ல மெல்ல ஒதுங்க நேர்ந்தது. மேடையும் தொடர்பும் பிறர் கையிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே, நோட்டு நம் கையில் இருக்கவேண்டும்.

இரண்டு 'நர்த்தகி'கள்

1992-ல் நடனக் கலைஞர் அனிதா ரத்னம் 'நர்த்தகி' என்றொரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். கதையோ ஆராய்ச்சியோ இல்லை. இந்திய நடனத் துறையில் இருப்பவர்களின் பெயர், முகவரி அடங்கிய கையேடு. வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் தன்னிடம் சேர்ந்த தொடர்புகளைப் பூட்டிவைக்காமல், எல்லோரும் புரட்டும்படி அச்சிட்டுக் கொடுத்தார். 2000-ல் அதுவே இணையதளமாக மாறியது. பகிர்ந்ததால் அவருக்குத் தொடர்பு குறைந்துவிடவில்லை, கூடத்தான் செய்தது.

இன்னொரு நர்த்தகி, மதுரையில் பிறந்த திருநங்கை நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ். குடும்பத்தின் ஆதரவு இல்லை. உடன் நின்றவர் தோழி சக்தி. சினிமாவில் வைஜயந்திமாலாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கியவர், அவருடைய குரு யார் என்று தேடி தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையின் வாசலுக்கே போனார். உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. சுமார் ஒரு வருடம் காத்திருந்துதான் சிஷ்யை ஆனார். 'நர்த்தகி' என்ற பெயரும் குரு வைத்ததுதான். 2019-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முதல் நர்த்தகி சொல்வது பரவலான தொடர்பை. இரண்டாவது நர்த்தகி சொல்வது ஆழமான தொடர்பை. ஃப்ரீலான்ஸ் நடன ஆசிரியைக்கு இரண்டுமே வேண்டும்.

உங்கள் நோட்டில் ஐந்து பக்கங்கள்

1. சக ஆசிரியைகள்: ஏரலில் ஒருவர், காயல்பட்டினத்தில் ஒருவர், திருச்செந்தூரில் ஒருவர் வகுப்பு நடத்தினால் அவர்கள் போட்டியாளர்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், பிரசவத்துக்காக ஆறு மாதம் வகுப்பை நிறுத்தவேண்டி வந்தால் உங்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒரே தேதியில் இரண்டு நிகழ்ச்சி வந்தால் ஒன்றை யாரிடம் கொடுப்பீர்கள்? நீங்கள் அனுப்பிய ஒரு வாய்ப்பு, அடுத்த வருடம் இரண்டாகத் திரும்பி வரும். முதல் பக்கம் இவர்களுக்குத்தான்.

2. பக்கவாத்தியம், மேக்கப், டெய்லர்: நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் இல்லாமல் அரங்கேற்றம் இல்லை. இவர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள். எந்தக் கோயிலில் புதிதாக மேடை போடுகிறார்கள், எந்தக் கமிட்டி ஒழுங்காகப் பணம் தருகிறது என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பேசிய தொகையை நிகழ்ச்சி முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். அதைவிட நல்ல விசிட்டிங் கார்டு கிடையாது.

3. பள்ளிகள்: அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா போட்டிகள் நடக்கின்றன. பயிற்சி கொடுக்க ஆள் தேடும் தலைமை ஆசிரியர்கள் உண்டு. தனியார் பள்ளிகளின் ஆண்டு விழா பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வரும். நவம்பரில் போய் நின்றால் தாமதம். ஆகஸ்ட்டிலேயே அறிமுகம் செய்துகொள்வது நல்லது.

4. திருவிழாக் கமிட்டிகள்: நவராத்திரியில் குலசேகரன்பட்டினம் தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர் கந்த சஷ்டி, ஜூலை-ஆகஸ்ட்டில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா என்று இந்தக் கடற்கரைக்குத் திருவிழா பஞ்சமே இல்லை. சுற்றியுள்ள ஊர்க் கோயில் கொடைகளைக் கணக்கில் சேர்த்தால் ஆண்டு முழுக்கத் தேதி இருக்கிறது. ஒவ்வொரு கமிட்டியின் மாதம், பேசவேண்டிய ஆள், போன வருடம் ஆடிய குழு ஆகிய மூன்றையும் குறித்துவையுங்கள். கரகம், கும்மி ஆடும் நாட்டுப்புறக் கலைஞர்களையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கமிட்டிகளுக்கு அவர்கள் நெடுநாள் பழக்கம்.

5. அரசு வாசல்: தூத்துக்குடியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, பரதநாட்டியம் உட்பட மூன்றாண்டுப் பயிற்சி தருகிறது. அங்கே படித்தவர்கள் தங்கள் ஆசிரியர்களோடு தொடர்பை விடவே கூடாது. கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் வழங்கும் விருதுகளில், 18 வயது வரை 'கலை இளமணி', 19 முதல் 35 வரை 'கலை வளர்மணி', 36 முதல் 50 வரை 'கலைச் சுடர்மணி'. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க, ஆடிய நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ், புகைப்படம், செய்தித் துணுக்குகளை ஒரு ஃபைலில் சேர்த்துவையுங்கள்.

இந்த போன் வந்தால் உஷார்!

பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததும் ஒரு போன் வரும். 'உலக சாதனை நிகழ்ச்சி, உங்க ஸ்டூடன்ட்ஸை அனுப்புங்க. ஆளுக்கு இவ்வளவு கட்டணும். சர்டிஃபிகேட் உண்டு.'

2024 டிசம்பர் 29 அன்று கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் சுமார் 12,000 பேர் சேர்ந்து ஆடிய பரதநாட்டிய நிகழ்ச்சி நினைவிருக்கலாம். அங்கே மேடையிலிருந்து தவறி விழுந்து எம்.எல்.ஏ உமா தாமஸ் பலத்த காயமடைந்தார். பங்கேற்றவர்களிடம் ஆயிரக்கணக்கில் பணம் வசூலித்ததாகவும் புகார் எழுந்து, அமைப்பாளர்கள் மீது காவல்துறை வழக்கு பதிந்தது.

இதுபோன்ற நிகழ்ச்சிக்குப் பெற்றோர் பணம் கட்டுவது அமைப்பாளரின் முகத்தைப் பார்த்து அல்ல. டீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான். பல வருடம் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும். எனவே பணம் எதற்கு, ரசீது உண்டா, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 'காசு கொடுத்தால் மேடை' என்று வரும் அழைப்புகளுக்கும் இதே கேள்விகள்தான்.

உங்களுக்கு வரவேண்டிய பணத்திலும் கூச்சம் வேண்டாம். தொகை, அட்வான்ஸ், பயணச் செலவு, எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'அடுத்த தடவை பாத்துக்கலாம்மா' என்பவர் பெயருக்கு நேரே நோட்டில் ஒரு சின்ன சிவப்புப் புள்ளி. அதைச் சக ஆசிரியைகளிடமும் சொல்லிவையுங்கள்.

இன்றே முதல் பெயர்

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரம் ஒரு புதுப் பெயர். மாதம் ஒருமுறை பழைய பெயர்களில் நான்கு பேருக்கு, வேலை கேட்காமல், 'எப்படி இருக்கீங்க' என்று ஒரு போன். ஒரு வருடத்தில் ஐம்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். அதில் ஐந்து பேர் உங்களை மறக்காமல் இருந்தால் போதும், இடைவெளிக்குப் பிறகும் திரும்பி வர வழி இருக்கும்.

பீரோவில் சலங்கையைப் பூட்டிவைத்த அக்கா உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்தக் கட்டுரையோடு ஒரு நோட்டையும் சேர்த்து அவர் கையில் கொடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் போன் நம்பரையே எழுதிக்கொடுக்கலாமே!