தேறினாள் என்று அறிவது எங்ஙனம்?

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், காணிக்கை ஆகிய யாவற்றிற்கும் நம் சபைகளில் பதிவேடு உண்டு. நம்மிடம் ஆலோசனைக்கு வந்த வாலிபர் மனநலம் பெற்றாரா என்பதற்கு மட்டும் நமது எண்ணமே சான்று.

அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபடும் என்பதைக் குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கற்றேன். மனச்சோர்வுற்றிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி, நான்கு சந்திப்புகளுக்குப்பின் மீண்டும் பாடகர் குழுவில் வந்து நின்றாள். தேறிவிட்டாள் எனக் கருதிச் சந்திப்பை நிறுத்தினேன். இரவுகளில் அவள் உறங்குவதேயில்லை என்பதை இரு மாதங்களுக்குப்பின் அவள் தாய் சொல்லித்தான் அறிந்தேன். ஐயர் மனம் வருந்தலாகாது என்பதற்காகவே பாட வந்தாளாம்.

மருத்துவர் கையாளும் வழி எளியது. பி.எச்.க்யூ.-9 என்னும் வினாத்தாள், கடந்த இரண்டு வாரங்களில் சோர்வு, உறக்கம், பசி முதலியன எவ்வாறிருந்தன என ஒன்பது கேள்விகளால் வினவும். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒருமுறை கேட்பதால் பயன் சிறிது. அதே கேள்விகளைக் குறித்த கால இடைவெளியில் கேட்டு எண்களை அருகருகே வைத்தால்தான் சிகிச்சை பலிக்கின்றதா எனத் தெரியும். எண் இறங்காவிடில் வழியை மாற்ற வேண்டும். தம்மிடம் வருவோருள் எவர் நிலை மோசமாகின்றது என்பதைத் தேர்ந்த ஆலோசகரும் பெரும்பாலும் முன்னறிவதில்லை என்று அமெரிக்காவில் மைக்கேல் லாம்பர்ட்டின் ஆய்வுகள் காட்டின. நாம் எம்மாத்திரம்?

ஒன்பதாம் கேள்வி சாவைப்பற்றிய எண்ணம் குறித்தது. அதற்கு 'ஆம்' எனும் சாயல் இருப்பினும், மொத்த எண்ணைப் பாராது அன்றே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் பத்தாண்டுகளில் 10 முதல் 19 வயதுப் பெண்களின் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு இலட்சத்திற்கு 148 என வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2004-இல் வெளியிட்டனர்.

எனினும் எண் ஒன்றே போதாது. சென்னையில் 1981-இல் தொடங்கிய ஆய்வொன்று, மனச்சிதைவு நோய்க்கு முதன்முறை சிகிச்சைக்கு வந்த 90 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. நோய்க்குறிகளோடு, வேலை, திருமணம் ஆகியவற்றையும் அது கவனித்தது. அதுவே சரியான அளவு என்பேன்.

அப்பெண் உதகையில் சிகிச்சை பெற்றாள். அவள் இசைவுடன் நான் குறித்துக்கொண்ட எண்கள்: 17, 14, 8. (அக்குறிப்பு பூட்டிய பெட்டியில் உள்ளது, சபைப் பதிவேட்டில் அன்று.) எட்டின் அருகே, "கல்லூரிக்கு இன்னும் திரும்பவில்லை" என்றும் எழுதியுள்ளேன்.